வாற்கோதுமையும் வீட்டு அடுப்பும்

சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி, தம் தம்பியைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி மஸ்அலா கேட்டிருந்தார். கணவர் பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவர். கடைக்குப் போய்க் குடிக்கும் வழக்கம் இல்லை. ஆனால் வீட்டு அடுப்பிலேயே வாற்கோதுமையைக் காய்ச்சிப் பீர் தயாரிக்கிறார். “ஹஜ்ரத், கம்ரு என்பது திராட்சை மதுதான், மற்றதில் போதை ஏறாத அளவு குற்றமில்லை என்று நம் ஹனஃபி மத்ஹபிலேயே இருக்கிறதாமே, மச்சான் சொல்கிறார்” என்றார் தம்பி. மச்சான் சொல்வது சரியா, அந்தப் பாத்திரத்தில் இனிச் சோறு ஆக்கலாமா என்பவை சகோதரியின் கேள்விகள்.

மச்சான் சொல்வதில் பாதி உண்மை உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் திராட்சை மதுவுக்கும் தானியம், தேன் முதலியவற்றின் பானங்களுக்கும் சட்டத்தில் வேறுபாடு வைத்தார்கள். ஆனால் அவர்களுடைய மாணவர் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள், போதை தரும் எல்லாப் பானமும், கொஞ்சமானாலும் அதிகமானாலும், ஹராம் என்றார்கள். மத்ஹபின் பிற்கால உலமாக்கள் ஃபத்வா கொடுத்தது இந்தச் சொல்லின் மீதே. கிதாபின் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மறுபக்கத்தைப் புரட்டாமல் விடுவது தீனில் பெரிய ஆபத்து.

வாற்கோதுமை பானம் புதிய விஷயமுமல்ல. யமனுக்கு அனுப்பப்பட்ட அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள், அங்கே தேனிலிருந்து ‘பித்உ’, வாற்கோதுமையிலிருந்து ‘மிஸ்ரு’ என்று இரண்டு பானங்கள் செய்கிறார்களே என்று கேட்டார்கள். போதை தருவதெல்லாம் ஹராம் என்றே நபி (ஸல்) அவர்கள் விடை பகர்ந்ததாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காணக்கிடக்கிறது. எதில் செய்தது, எங்கே செய்தது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அடுப்பின் மீதும் பழி இல்லை. முளைகட்டிய வாற்கோதுமையின் இனிப்புச் சாறு கொதிக்கும்போது அதில் போதை இல்லை. ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து மூடிவைத்தபின், அந்த நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. நம் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பனைகளிலும் இதே கதைதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். முன்னது ஹலால், பின்னது ஹராம். புளித்ததெல்லாம் ஹராமா என்று இட்லி மாவைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். அது புளிப்பே தவிரப் போதையல்ல, தாராளமாகச் சாப்பிடலாம்.

அரசாங்கச் சட்டத்திலும் இது குற்றம். 2020 ஊரடங்கில் டாஸ்மாக் கடைகள் அடைத்திருந்தபோது, வீட்டுக் குக்கரில் சாராயம் காய்ச்சிப் போலீஸில் அகப்பட்டவர்களைப் பத்திரிகைகளில் பார்த்தோம். அதைவிடப் பெரிது ஒன்றுண்டு. ஓர் உராய்வில் தீப்பிடிக்கும் மருந்தைக் கலக்கும் கை, இரவுக் குவளையின் மந்தத்தோடு காலையில் ஆலைக்குள் போகலாமா? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் பிள்ளைகள் உண்டே!

இனிப் பாத்திரம். மது அருந்தும் வேதக்காரர்களின் பாத்திரங்களைப் பற்றி அபூஸஃலபா (ரலி) அவர்கள் கேட்டபோது, வேறு கிடைக்காவிட்டால் தண்ணீரால் கழுவிப் பயன்படுத்த நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆகவே எவர்சில்வர் அண்டாவை மூன்று முறை நன்றாகக் கழுவினால் போதும், சகோதரி தயங்காமல் சோறு ஆக்கலாம். ஊறலை உறிஞ்சிய புது மண்பானையானால், மூன்று முறை கழுவி ஒவ்வொரு முறையும் உலரவிட வேண்டும் என்பது இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் சொல். ஜாடியில் மீந்திருப்பதைக் கொட்டிவிடலாம். அது முற்றிலும் காடியாக மாறிவிட்டிருந்தால், நம் மத்ஹபில் அந்தக் காடி ஹலால், ஊறுகாய்க்கு ஊற்றிக்கொள்ளலாம்.