பாட்டியிடம் தேதி கேட்காதே

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன வாரம் செராஸ் பாலாய்ராயாவில் (சமூக மண்டபத்தில்) முதியவர்களுக்கு நீ நடத்தும் காலை நினைவாற்றல் வகுப்புக்கு வந்து, பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வட்டமாக நாற்காலி போட்டிருந்தாய். எல்லாருக்கும் சுடுதண்ணீர் வைத்திருந்தாய். ஒருவர் விடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்புறம் சன்னலோரம் நீலச் சேலையில் இருந்த பாட்டியைப் பார்த்து, "பாட்டி, இன்னைக்கு என்ன தேதி, என்ன கிழமை?" என்று கேட்டாய். அவர் கைப்பையைத் திறந்தார், மூடினார், பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு வகுப்பு முடியும் வரை அவர் வாய் திறக்கவில்லை.

உன்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உன்னைப் போலவே நல்ல மனதோடு இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தேதி கேட்பது மருத்துவரின் சோதனையில் உள்ள கேள்வி. மறதி எந்த அளவில் இருக்கிறது என்று அளப்பதற்காக அவர் கேட்கிறார். உன் வகுப்பில் அந்தக் கேள்வி விழுந்தவுடன் பாலாய்ராயா பரீட்சை அறையாகிவிடுகிறது. நானும் இந்தத் தப்பைச் செய்தவள்தான். இருபது வருஷத்துக்கு முன், என் முதல் வகுப்பில் எல்லாருக்கும் பென்சிலும் குறுக்கெழுத்துத் தாளும் கொடுத்தேன். ஒரு பாட்டி தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள லயத்தில் விடப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. மறுவாரம் வரவில்லை. அவர் மகளைக் கேட்டபோது, "படிக்காதவளக் கூப்பிட்டு உக்கார வச்சிட்டாங்கன்னு அம்மா அழுதாங்க" என்றார்.

விடிவதற்கு முன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான கித்தா (ரப்பர்) மரங்களில் வரிசை தப்பாமல் பால் வெட்டிக்கொண்டு போனவர் அவர். எந்த மரத்தில் பட்டை ஆழமாக வெட்டுப்பட்டிருக்கிறது, எது பால் குறைவாக விடும், எந்த நிரையின் முடிவில் பள்ளம் இருக்கிறது, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அந்தத் தலைக்கு முன்னால் நான் ஒரு தாளை நீட்டினேன்.

இதற்கு வேறு வழி உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஏமி ஸ்பெக்டரும் அவருடைய சகாக்களும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மறதிநோய் உள்ள 201 பேர் அதில் பங்கெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு வாரம் இருமுறை, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வுகளில் அறிவாற்றலைத் தூண்டும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் அறிவாற்றலும் வாழ்க்கைத் தரமும் மற்றவர்களைவிட மேம்பட்டன. அந்த முறையைச் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றியமைத்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: தகவலைக் கேட்காதே, அபிப்பிராயத்தைக் கேள். தேதியைப் பலகையில் பெரிதாக எழுதி வைத்துவிடு, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குப் பதிலாக, "கடை முறுக்குக்கும் வீட்டு முறுக்குக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுப் பார். அபிப்பிராயத்தில் தப்பு என்று ஒன்று இல்லை. நீலச் சேலைப் பாட்டி உளுந்து எவ்வளவு வறுக்க வேண்டும் என்று ஆரம்பித்து, எதிரில் இருக்கும் தாத்தாவோடு சண்டைக்கே போய்விடுவார். அந்தச் சண்டையில் வார்த்தை தேடுகிறார், வரிசைப்படுத்துகிறார், அடுத்தவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார். உனக்கு வேண்டிய பயிற்சி எல்லாம் அதில் நடந்துகொண்டிருக்கிறது.

கை ஞாபகத்தை நம்பு. பெயரும் தேதியும் மறந்தவருக்கும் கோலத்தில் புள்ளியைச் சுற்றும் விரல் மறப்பதில்லை. கை பழகிய வேலைகளின் நினைவு மூளையில் வேறு இடங்களைச் சார்ந்தது, அது பெரும்பாலும் பிந்தித்தான் தேய்கிறது. அதனால் தொடக்கம் எப்போதும் கையிலிருந்து இருக்கட்டும்: பூத் தொடுப்பது, கோலம், பல்லாங்குழி.

ஆனால் தெரிந்ததையே திரும்பச் செய்தால் பொழுது இனிமையாகப் போகும், மூளைக்கு வேலை குறைவுதான். பழகிய இடத்திலிருந்து ஓர் அடி வெளியே கூட்டிப் போக வேண்டும். பல்லாங்குழியையே எடுத்துக்கொள். இரு பக்கமும் ஏழேழு குழி. ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வோம். நம் மலாய்க்கார அண்டை வீட்டார் ஆடும் சொங்காக்கிலும் பெரும்பாலும் ஏழேழு குழிதான், ஆனால் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வீடு உண்டு. சுற்றி வரும்போது உன் வீட்டில் ஒரு கொட்டை போட்டுவிட்டுப் போக வேண்டும். எதிராளி வீட்டைத் தாண்ட வேண்டும். ஐம்பது வருஷம் பல்லாங்குழி ஆடிய கை, சொங்காக்கில் முதல் பத்து நிமிஷம் தடுமாறும். பழைய விதி உள்ளே இருந்து இழுக்கும், அதை அடக்கிப் புது விதியைப் பிடிக்க வேண்டும். அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் ஆட்டத்தையே மாற்றுகிறோம். அவர்கள் முகம் சுளித்தால் பயந்து உடனே நிறுத்திவிடாதே. அழுகை வரும் அளவுக்கும் விடாதே. அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கக் கற்பதற்கு எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

இன்னொன்று. குடும்பத்தார் உன்னிடம், "இதுக்கு வந்தா மறதிநோய் வராதுதானே?" என்று கேட்பார்கள். ஆம் என்று சொல்லிவிடாதே. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வு 2003இல் வந்தது. வாசிப்பு, பலகை ஆட்டம், இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்தது. ஆனால் மறதி மெல்லத் தொடங்கியவர்களே ஆட்டத்தையும் வாசிப்பையும் முதலில் கைவிட்டிருக்கலாம் அல்லவா? அமெரிக்காவில் 2,832 முதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த 'ஆக்டிவ்' ஆய்வில், நினைவுப் பயிற்சி எடுத்தவர்கள் நினைவுத் தேர்வில் தேறினார்கள், மற்ற திறன்களுக்கு அது பெரிதாகத் தாவவில்லை. குறுக்கெழுத்து போடுகிறவர் குறுக்கெழுத்தில் கெட்டிக்காரர் ஆகிறார். ஆகவே அவர்கள் வாழ்க்கையில் எது தேவையோ அதையே பயிற்சியாக்கு.

இந்த ஊர் அதற்கு எவ்வளவு தோதான ஊர் என்று யோசித்துப் பார். உன் வகுப்புப் பாட்டி வீட்டில் தமிழ் பேசுகிறார், கிளினிக்கில் மலாய், சந்தையில் மீன் விற்கும் சீனப் பெண்ணிடம் கந்தோனீஸ். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் மறதிநோயாளிகள் 648 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருஷம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. எல்லா ஆய்வும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் பேரம் பேசுவதை மூன்று மொழியிலும் நடித்துக் காட்டச் சொல். அந்த அமர்வில் யாரும் தூங்க மாட்டார்கள்.

காதைக் கவனி. ஒரு தாத்தாவை மூன்று மாதம் 'மறதிக்காரர்' என்று எண்ணி எளிய வேலைகளாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்கு இடது காது அறவே கேட்கவில்லை, என் நாற்காலி எப்போதும் இடது பக்கம். மருத்துவ இதழ் லான்செட் அமைத்த ஆய்வுக்குழு 2024இல் பட்டியலிட்ட, மறதிநோய்க்கான 14 ஆபத்துக் காரணிகளில் செவித்திறன் குறைபாடு முன்வரிசையில் இருக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதே பட்டியலில். நம் மலேசியாவின் 2019 சுகாதார ஆய்வில் வயதுவந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கண்டார்கள். எனவே மைலோவில் சர்க்கரை போடாமல் கொடுப்பதும், உட்காருவதற்கு முன் பத்து நிமிஷம் நடக்க வைப்பதும் உன் நினைவாற்றல் வகுப்பின் பகுதிதான்.

திடீரென்று யாராவது மாறிப்போனால், வந்த வழி தெரியாமல் நின்றால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று குடும்பம் சொல்வதை ஏற்காதே. தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும், அவற்றுக்கு மருந்து உண்டு. மறதிநோயும் அரிதில்லை: 2018 தேசிய ஆய்வில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கலாம் என்று கணித்தார்கள். உன் பக்கத்திலேயே துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை இருக்கிறது. ஒரு மகனையாவது அலுவலகத்தில் விடுப்புப் போட வைத்து, பெற்றவரை அங்கே அழைத்துப் போகச் செய்தால், அது நூறு புதிர்களுக்குச் சமம்.

அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். பாலாய்ராயாவை விட்டு வெளியே வா. உன் முதியவர்கள் இன்னும் கட்டை (மைல்கல்) கணக்கில்தான் ஊரைச் சொல்கிறார்கள்: ஒன்பதாம் கட்டை, பதினோராம் கட்டை. 2017இல் எம்ஆர்டி வந்தபோது ஒரு நிலையத்துக்கு 'பத்து செபெலாஸ் செராஸ்', அதாவது செராஸ் பதினோராம் கட்டை, என்றே பெயர் வைத்தார்கள். மாலூரியில் ஏற்றி அங்கே இறக்கு. நிலையப் பெயர்களை முன்கூட்டி மனப்பாடம் செய்யச் சொல்லாதே. ஒவ்வொரு நிறுத்தத்திலும், இந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று ஒருவர் சொல்லட்டும். திரும்பும்போது அட்டையைத் தட்டுவது, எந்தப் பக்கம் ஏறுவது எல்லாம் அவர்கள் முடிவு. நீ பின்னால் நட. தப்பான நடைமேடைக்குப் போனால் போகட்டும், அடுத்த ரயில் சில நிமிஷத்தில் வரும்.

வரும் புதன்கிழமை நானும் வருகிறேன். ரயிலை முடித்துக்கொண்டு தாமான் கொனாட் பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) போகலாம், கூட்டம் சேருவதற்கு முன்னால் சாயங்காலமே. பையில் பல்லாங்குழிப் பலகையும் கொண்டுவருகிறேன், புளியங்கொட்டை மட்டும் நீ பார்த்துக்கொள். ஆட்டத்தின் விதியை நம் இரண்டு பேருக்கும் நீலச் சேலைப் பாட்டி சொல்லிக்கொடுக்கட்டும். நமக்கு ஏற்கெனவே தெரியும் என்று நீ காட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
அக்கா