செண்பகத்தோப்புக்குக் கிளம்பும் முன்...

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள செண்பகத்தோப்பும் ராஜபாளையத்துக்கு மேற்கே உள்ள அய்யனார் கோயில் ஓடையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகள். 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமான இந்த மலைப்பகுதி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது.

* மழை, காட்டுத்தீ நாட்களில் அனுமதி நிறுத்தப்படலாம். வனத்துறையிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

* அணிலைப் பார்க்கக் காலையில் போங்கள். தரையில் தேடாதீர்கள், கிளைகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் உயர்ந்த மரங்களை அண்ணாந்து பாருங்கள்.

* ஐப்பசி, கார்த்திகையில் ஓடையில் இறங்காதீர்கள். அடிவாரத்தில் வெயில் அடித்தாலும், மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக வரும். தண்ணீர் கலங்கினால் உடனே கரையேறுங்கள்.

* கோடையில் சருகு காய்ந்திருக்கும். பீடி, தீப்பெட்டி, சமையல் அடுப்பு எதுவும் வேண்டாம்.

* குரங்குக்குத் தீனி போடாதீர்கள். சாப்பாட்டை இலையிலோ தூக்குவாளியிலோ கொண்டுபோங்கள், பிளாஸ்டிக்கைத் தவிருங்கள்.

* வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். அந்தியில் யானை நடமாட்டம் இருக்கலாம்.

* திரும்பும்போது, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை அன்றைக்குக் கிண்டியதாகக் கேட்டு வாங்குங்கள்.