காயத்துக்குள்ள சாரம் கட்டுறது யாரு?



கவாத்துக் கத்தி பட்ட விரல், காய் நறுக்கும்போது அறுபட்ட உள்ளங்கை, அடுப்பில் சுட்டுக்கிட்ட கை. நம்ம காந்தல் பகுதிக் குழுக்களில் யாரைக் கேட்டாலும் ஒரு தழும்பாவது காட்டுவார்கள். எப்படி ஆறிச்சு என்று கேட்டால், "மருந்து போட்டேன்" என்பார்கள். மருந்து கிருமியைத்தான் தடுக்கும். பிளந்த தோலை மூடுவது நம் உடம்பே தயாரிக்கும் சில புரதங்கள்.

வீடு கட்ட முதலில் சாரம் கட்டுவோம் இல்லையா? அதுபோல இரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற புரதம் நூல் நூலாகப் பின்னி வலை போடுகிறது. ஃபைப்ரோனெக்டின் என்ற இன்னொரு புரதமும் சேர்ந்துகொள்ளும். இந்தச் சாரத்தைப் பிடித்துத்தான் புதுச் செல்கள் காயத்துக்குள் ஏறி வருகின்றன. (அட்டை கடிச்சா ரத்தம் ஏன் நிக்கிறதில்லை? அதன் எச்சில் ஃபைப்ரின் உண்டாவதையே தடுத்துவிடுகிறது.) அரிக்குதுன்னு பொருக்கைப் பிய்த்தால், பாதி நடந்த வேலை கெட்டுப்போகும்.

சில நாட்களில் அந்தச் செல்கள் கொலாஜன் என்ற புரதத்தை நெய்ய ஆரம்பிக்கும். ஆட்டுக்கால் சூப் ஆறினதும் கட்டியாகிறதே, அது வெந்த கொலாஜன்தான். அதைக் குடித்தால் நேரே புண்ணுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். வயிற்றில் செரித்துத் துண்டு துண்டாகிவிடும்.

கொலாஜனின் அமைப்பைக் கண்டு சொன்ன இடம் சென்னை என்பது நமக்கெல்லாம் பெருமை. 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இதைச் சொன்னார்கள். நாம் சடை பின்ன மூன்று கால் எடுப்பது போல, மூன்று இழை சேர்ந்து முறுக்கிய கயிறு அது. பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பிற்காலத்தில் தீப்புண்ணை மூடும் கொலாஜன் தாள்களையே உருவாக்கியது.

ஒன்றை முக்கியமாகக் கவனியுங்கள். ஆழமான வெட்டுக்காயம் மேலே மூடினாலும், மூன்று வாரத்தில் பழைய தோலின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். பல மாதம் கழித்தும் சுமார் 80 சதவீதம்தான். தையல் பிரிச்சாச்சு, கூலி போகுதேன்னு மறுநாளே கொழுந்து மூட்டை தூக்கினால் காயம் மறுபடி பிளக்கலாம். கஷ்டம் தெரியும், ஆனால் பிளந்தால் இன்னும் அதிக நாள் கூலி போகும்.

இந்தக் கயிறு உறுதியாக முறுக்க வைட்டமின் சி வேண்டும். பழங்காலக் கடலோடிகள் மாதக்கணக்கில் காய், பழம் இல்லாமல் போனபோது, ஆறிப்போன பழைய தழும்புகூடத் திறந்துகொண்டது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை எல்லாம் நல்லது. நம்ம மலை முட்டைக்கோஸிலும் வைட்டமின் சி இருக்கு, ஆனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பருப்பு, முட்டையும் சேருங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் புகையிலை போடுபவர்களுக்கும் இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், சீழ், பரவும் சிவப்பு இருந்தால் காப்பித்தூள், சுண்ணாம்பு வைத்துக்கொண்டு நாள் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சுகர் பரிசோதனையும் கேளுங்கள். துருப்பிடித்த கத்தியோ, மண் பட்ட காயமோ என்றால் அன்றைக்கே போய் டிடி ஊசி பற்றிக் கேட்டுவிடுங்கள்.