விடுமுறை நாளில் பார்சல் சுமப்போருக்குரிய சம்பளம்

பால்மரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் பலர் இன்று பட்டணங்களில் பார்சல் விநியோகத் தொழிலில் ஈடுபட்டுள்ளனர். மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் பொருள்களை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகச் சென்று சேர்ப்பிக்கின்றனர். பண்டிகை நெருங்க நெருங்கப் பார்சல்கள் மலைபோல் குவியும். ஊரார் விடுமுறையில் மகிழ்ந்திருக்கும் நாளிலும் இவர்களுக்கு வேலை இருக்கும். அவ்வாறு உழைக்கும் நாளுக்கு இவர்கள் பெறவேண்டிய சம்பளம் எவ்வளவு?

“பார்சல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு விடுமுறைச் சம்பளம் ஏது?” என்று சிலர் கூறுகின்றனர். இக்கூற்று சரியன்று. கிலோக் கணக்கில் கூலி பெறும் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் சம்பளத்துடன் கூடிய பொதுவிடுமுறை உண்டு என்பதை நாம் அறிவோம். அந்த உரிமையை அளிப்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதே சட்டம் பார்சல் எண்ணிக்கையின்படி கூலி பெறும் தொழிலாளிக்கும் பொருந்தும். கூலியைக் கணக்கிடும் முறை எதுவாயினும் விடுமுறை உரிமை அதனால் அழிந்துவிடுவதில்லை.

பதினொரு நாட்கள்

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் இச்சட்டத்தின்கீழ் ஒரு தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்குக் குறைந்தது 11 பொதுவிடுமுறை நாட்கள் சம்பளத்துடன் வழங்கப்படல் வேண்டும். சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனித் தொழிற்சட்டங்கள் உள்ளன.

இப்பதினொன்றில் ஐந்து நாட்களை முதலாளி மாற்ற இயலாது. அவை: தேசிய தினம், மாமன்னர் பிறந்த நாள், மாநில ஆட்சியாளரின் அல்லது ஆளுநரின் பிறந்த நாள் (கூட்டரசுப் பிரதேசத்தில் கூட்டரசுப் பிரதேச தினம்), தொழிலாளர் தினம், மலேசிய தினம். எஞ்சிய ஆறு நாட்களை அரசிதழில் அறிவிக்கப்பட்ட விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். அவை எவையென ஒவ்வோர் ஆண்டும் தொடங்குமுன் வேலையிடத்தில் அனைவர் கண்ணிலும் படுமாறு அறிவிப்பு ஒட்டவேண்டும்.

இங்கே நாம் ஒன்றைக் கருத்தூன்றிக் கவனித்தல் வேண்டும். மாற்ற இயலாத ஐந்து நாட்களில் தீபாவளி இடம் பெறவில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் எஞ்சிய ஆறு நாட்களில் அதனைச் சேர்த்துக் கொள்கின்றன. எனினும் இரு தரப்பினரும் உடன்பட்டால் அந்த ஆறில் எதையும் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள இடமுண்டு. அவ்வாறு மாற்றிக்கொண்டவர் தீபாவளியன்று வேலை செய்தால் அன்றைய கூலி சாதாரணக் கூலியே ஆகும். மாற்றிக் கொடுக்கப்பட்ட நாளே அவருக்கு விடுமுறை. ஆகவே, அறிவிப்பைப் படிக்காமலும், விடுமுறையை மாற்றும் தாளின் பொருள் அறியாமலும் கையொப்பம் இடுதல் கூடாது.

கணக்கிடும் முறை

பொதுவிடுமுறை நாளில் வேலைக்கு வருமாறு கேட்க முதலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்குரிய விலையையும் சட்டமே விதித்துள்ளது.

மாதச் சம்பளக்காரரை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒருவரின் மாதச் சம்பளம் 1,820 ரிங்கிட் எனக் கொள்வோம். அதனை 26-ஆல் வகுத்தால் ஒரு நாட்சம்பளம் 70 ரிங்கிட். விடுமுறை நாளுக்குரிய சம்பளம் 1,820-க்குள் அடங்கிவிட்டது. அந்நாளில் அவர் வேலை செய்தால் அதற்கு மேல் இரு நாட்சம்பளம், அதாவது 140 ரிங்கிட், பெறவேண்டும். ஆக அம்மாதம் அவருக்கு 1,960 ரிங்கிட் கிடைக்கும். முழு நேரமும் வேலை செய்யாமல் இரண்டு மணி நேரமே வேலை செய்திருந்தாலும் இந்த இரு நாட்சம்பளம் குறையாது.

அவரது நாள் வேலை எட்டு மணி நேரமாயின், ஒரு மணி நேரச் சம்பளம் 8 ரிங்கிட் 75 சென். விடுமுறையன்று அந்த எட்டு மணி நேரத்திற்கு மேலும் உழைத்தால் மும்மடங்கு, அதாவது மணிக்கு 26 ரிங்கிட் 25 சென், தரப்படவேண்டும்.

இனி, பார்சல் எண்ணிக்கையின்படி கூலி பெறுபவரைப் பார்ப்போம். பார்சல் ஒன்றுக்கு 1 ரிங்கிட் 60 சென் கூலி. சென்ற மாதம் 25 நாட்கள் வேலை செய்து 2,000 ரிங்கிட் சம்பாதித்தார் எனக் கொள்வோம். ஓய்வு நாளிலும் விடுமுறையிலும் செய்த வேலையை இக்கணக்கில் சேர்ப்பதில்லை. 2,000-ஐ 25-ஆல் வகுத்தால் 80 ரிங்கிட். இதுவே அவரது விடுமுறைச் சம்பளம். வேலை செய்யாது வீட்டிலிருந்தாலும் இது அவருக்கு உரியது.

அந்த விடுமுறை நாளில் அவர் 40 பார்சல்களைச் சேர்ப்பித்தால், ஒவ்வொன்றுக்கும் இருமடங்கு கூலி, அதாவது 3 ரிங்கிட் 20 சென் வீதம், 128 ரிங்கிட் பெறவேண்டும். விடுமுறைச் சம்பளம் 80-ஐயும் சேர்த்தால் 208 ரிங்கிட். சாதாரண விகிதத்தில் அவர் கையில் 64 ரிங்கிட் மட்டுமே கொடுக்கப்பட்டால், ஒரே நாளில் அவர் இழப்பது 144 ரிங்கிட் ஆகும்.

இந்த இரட்டிப்பு, மும்மடங்கு விகிதங்கள் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் பெறுவோருள் சில வகையினருக்குச் சட்டப்படி உரியவை அல்ல.

நாம் தவறவிடக்கூடாதவை

விடுமுறைக்கு முந்திய வேலை நாளிலோ அடுத்த வேலை நாளிலோ முதலாளியின் முன்அனுமதியின்றியும் தக்க காரணமின்றியும் வேலைக்கு வராதவர், விடுமுறைச் சம்பளத்தை இழக்க நேரிடும். பண்டிகைக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள் இதனை மறத்தல் கூடாது. பொதுவிடுமுறை ஓய்வு நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாள் விடுமுறையாகும். நோய் விடுப்பிலோ ஆண்டு விடுப்பிலோ இருக்கும்போது விழுந்தால் வேறொரு நாள் வழங்கப்படவேண்டும்.

“பங்காளி” என்றால் தொழிலாளி அல்லரா?

சில நிறுவனங்கள் தம்மிடம் உழைப்போரைப் “பங்காளி” என்றும் “சுயதொழில் செய்வோர்” என்றும் அழைக்கின்றன. அத்தகையோருக்கு மேற்கூறிய உரிமைகள் இல்லை எனவும் கூறுகின்றன. பெயரை மட்டும் வைத்து இதனை முடிவு செய்தல் இயலாது. 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாதவிடத்துச் சில அடையாளங்களைக் கொண்டு ஒருவரைத் தொழிலாளி எனச் சட்டம் அனுமானிக்கும். வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் மற்றவர் கட்டுப்படுத்துதல், கருவிகளை அவரே வழங்குதல், அவ்வேலை அவரது வணிகத்தின் இன்றியமையாப் பகுதியாயிருத்தல், தவணை தவறாது கிடைக்கும் அக்கூலியே உழைப்பவரின் பெரும்பகுதி வருமானமாயிருத்தல் ஆகியவை அவற்றுட் சில. மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை இவ்வனுமானம் நிற்கும்.

உண்மையாகவே சுயமாகத் தொழில் செய்வோரின் நிலை வேறு. பார்சல் விநியோகம் செய்யும் சுயதொழிலாளர் சொக்சோவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விபத்துப் பாதுகாப்புப் பெற இடமுண்டு. ஆயினும் விபத்துப் பாதுகாப்பு வேறு, விடுமுறைச் சம்பளம் வேறு என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

செய்யத்தக்கது யாது?

பால் எடையைத் துண்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து மாத முடிவில் ஒப்பிட்டுப் பார்ப்பது தோட்டத்தில் நல்ல பழக்கமாகும். அப்பழக்கத்தை நம் பிள்ளைகளும் கைக்கொள்ளட்டும். விடுமுறையன்று சேர்ப்பித்த பார்சல்களின் எண்ணிக்கையையும், தொடங்கிய நேரம், முடித்த நேரம் ஆகியவற்றையும் எழுதி வைக்கவேண்டும். கைப்பேசியில் வந்த வேலைப் பட்டியலை அழித்துவிடலாகாது. விடுமுறை வேலைக்குரிய பணம் அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாளுக்குள் தரப்படவேண்டும் என்பது விதி. ஆதலால் அடுத்த மாதச் சம்பளச் சீட்டையும் பார்த்த பின்னரே கணக்கை முடித்தல் நன்று.

குறை தென்பட்டால் முதற்கண் நிறுவனத்திடம் பணிவுடன் எழுத்து மூலம் கேட்கலாம். தீர்வு கிட்டாவிடில் சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், குறிப்புப் புத்தகம் ஆகியவற்றுடன் அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவை நாடலாம். நிலுவைச் சம்பளம் குறித்து விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் அந்த இலாகாவுக்கு உண்டு.

பண்டிகையன்று பிள்ளை வீட்டிற்கு வர இயலாமற் போவது பெற்றோருக்கு வருத்தமே. அந்த உழைப்பிற்குரிய கூலியும் வந்து சேராவிடில் அவ்வருத்தம் இரட்டிப்பாகும். பட்டணத்திலுள்ள பிள்ளைகளுடன் அடுத்த முறை பேசும்போது, வேலையிடத்தில் ஒட்டப்பட்டுள்ள விடுமுறை அறிவிப்பைப் படித்தார்களா என்று நாம் கேட்டறிவோமாக.