உறைந்த தேன் கலப்படத் தேனா?

ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூர் பக்கம் போய் மலைத்தேன் வாங்கி வந்தவர்கள் மார்கழிக் குளிரில் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "பாட்டில் அடியில வெள்ளையா சீனி நிக்குது. நல்லா ஏமாத்திட்டாங்க!"

நம்பிக்கை: உறைந்த தேன் சீனிப்பாகு கலந்த தேன்.

உண்மை: அடியில் நிற்பது சீனி அல்ல, குளுக்கோஸ். அது பூவிலிருந்து வந்ததுதான். தேனில் ஏறத்தாழ 38 சதவீதம் ஃபிரக்டோஸ், 31 சதவீதம் குளுக்கோஸ். அறை வெப்பத்தில் ஃபிரக்டோஸ் நீரில் குளுக்கோஸைப் போல நான்கு மடங்கு கரையும். தேனில் இருக்கும் கொஞ்ச நீர் அத்தனை குளுக்கோஸையும் தாங்காது. 14 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர் வந்தால் குளுக்கோஸ் படிகமாகி இறங்கிவிடும். அதனால் மேலே நிற்கும் திரவத்தில் நீர் விகிதம் கூடி, சில சமயம் புளித்தும் போகும். ஃபிரக்டோஸ் மிகுந்த பாகு கலந்த போலித் தேனோ மாதக்கணக்கில் கண்ணாடி போலத் தெளிவாக நிற்கலாம். அதைத்தான் நாம் 'சுத்தமான தேன்' என்று மெச்சி வாங்குகிறோம்!

நம்பிக்கை: மூலக்கூறு வாய்ப்பாடு ஒன்றானால் பொருளும் ஒன்றுதான்.

பத்தாம் வகுப்பு மாணவர்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இரண்டிலும் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். எண்ணிக்கையில் ஓர் அணுகூடக் கூடக்குறைய இல்லை. ஆனாலும் ஒன்று உறைகிறது, மற்றது உறைய மறுக்கிறது. அணுக்கள் இணைந்திருக்கும் விதம் வேறு. இப்படிப்பட்டவற்றைத்தான் மாற்றியங்கள் என்கிறோம். 1830இல் பெர்சீலியஸ் இதற்கென்று தனிப் பெயர் சூட்ட வேண்டியிருந்தது.

வாய்ப்பாடு மறைப்பதை, வேதிப்பொருளுக்கு முறைப்படி சூட்டும் ஐயூபிஏசி பெயர் காட்டிக்கொடுக்கும். குளுக்கோஸ் 2,3,4,5,6-பென்டாஹைட்ராக்சிஹெக்சனல். ஃபிரக்டோஸ் 1,3,4,5,6-பென்டாஹைட்ராக்சிஹெக்சன்-2-ஓன். 'ஹெக்ஸ்' என்றால் ஆறு கார்பன். 'பென்டாஹைட்ராக்சி' என்றால் ஐந்து ஹைட்ராக்சில். இதுவரை இரண்டும் ஒன்றே. வால் மட்டும் வேறு: 'அல்' என்றால் சங்கிலியின் முனையில் ஆல்டிஹைடு, '2-ஓன்' என்றால் இரண்டாம் கார்பனில் கீட்டோன். வினைத்தொகுதி மாற்றியத்துக்கு இதைவிட இனிப்பான எடுத்துக்காட்டு கிடைக்காது.

இந்தப் பெயரும் முழுமையானது அல்ல. பால் சர்க்கரையில் உள்ள காலக்டோஸுக்கும் இதே பென்டாஹைட்ராக்சிஹெக்சனல்தான் பொருந்தும். நான்காம் கார்பனில் ஹைட்ராக்சில் நிற்கும் திசை மட்டும் மாறும். அந்தத் திசையையும் குறித்தால்தான் பெயர் ஒரே பொருளைச் சுட்டும். தவிர, இது நீட்டி வைத்த சங்கிலிக்கான பெயர். கரைசலில் இரண்டு சர்க்கரைகளும் பெரும்பாலும் வளையமாகச் சுருண்டே கிடக்கும்.

இன்னொரு குழப்பம் கல்லூரி வரை தொடர்கிறது. சர்க்கரையின் பெயருக்கு முன்னால் 'டி' (D) இருந்தால் அது தளமுனைவுற்ற ஒளியை வலப்பக்கம் சுழற்றும் என்கிறார்கள். தவறு. தேனில் உள்ள குளுக்கோஸும் டி வகை, ஃபிரக்டோஸும் டி வகை. ஆனால் முதலாவது வலப்பக்கம் சுழற்றும். இரண்டாவது அதைவிட வலுவாக இடப்பக்கம் சுழற்றும். 'டி' சொல்வது அமைப்பை மட்டுமே. சுழற்சித் திசைக்குக் கூட்டல், கழித்தல் குறிகள் தனியே இருக்கின்றன.

நம்பிக்கை: வாயில் நுழையாத நீளப் பெயர் என்றால் அது செயற்கை ரசாயனம்.

ஜவ்வாது மலைக்குப் பெயர் வாங்கித் தந்த சந்தனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணெயில் ஏறக்குறைய பாதி ஆல்ஃபா சாண்டலால், ஐந்தில் ஒரு பங்கு போல பீட்டா சாண்டலால். இரண்டிலும் 15 கார்பன், 24 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். இவற்றின் முழுப் பெயரை எழுதினால் ஒரு வரி போதாது. அந்தப் பெயரில் ஆல்ஃபாவுக்கு 'ட்ரைசைக்ளோ' வரும், பீட்டாவுக்கு 'பைசைக்ளோ'. அதாவது ஒன்றில் மூன்று வளையம், மற்றதில் இரண்டு. குறைந்த வளையத்துக்கு ஈடாக பீட்டாவில் ஓர் இரட்டைப் பிணைப்பு கூடுதல். மூக்குக்கு இந்த வேறுபாடு தெரியும்: நாம் சந்தனம் என்று அறியும் மணம் பீட்டாவில்தான் தூக்கல். மரத்துக்குள் தானாக விளையும் பொருள்கள் இவை. மாறாக, சந்தன மணம் தரும் செயற்கைப் பொருள்கள் பலவற்றுக்குச் சாண்டலாலின் வாய்ப்பாடே கிடையாது. அவை மாற்றியங்கள்கூட அல்ல.

மறுபடி தேனுக்கு வருவோம். தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது, தண்ணீரில் சொட்டு விடுவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எதுவும் கலப்படத்தைக் காட்டாது. சீனியை அமிலத்தாலோ நொதியாலோ உடைத்தாலும் இதே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான் கிடைக்கும். பிரித்தறிய ஆய்வகம்தான் வேண்டும். உறைந்துபோன தேனை அடுப்பில் ஏற்றாதீர்கள்; சூடு மிஞ்சினால் ஃபிரக்டோஸ் நீரிழந்து ஹைட்ராக்சிமீத்தைல்ஃபர்ஃபுரால் என்னும் வேறு பொருளாகிவிடும். பாட்டிலைக் கைபொறுக்கும் வெந்நீரில் வையுங்கள், இளகிவிடும். தேன் உறைந்துவிட்டது என்பதற்காக மலையில் அதை விற்றவரைத் திட்டுவதையாவது நிறுத்துங்கள்.