ஸ்நோர்க்கல் குழாய்: வெள்ளத்திற்கா, தூசிக்கா?

ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டச் சாலைகளில் ஓடும் சில பிக்-அப் வண்டிகளில், முன் கண்ணாடியை ஒட்டிக் கறுப்புக் குழாய் ஒன்று கூரைவரை ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஸ்நோர்க்கல். எஞ்சின் காற்றை இழுக்கும் வாயை அது கூரை உயரத்திற்குக் கொண்டு போகிறது.

டீசல் எஞ்சின் காற்றை ஏறத்தாழ 16இல் ஒரு பங்காக அழுத்துகிறது. தண்ணீரை அப்படி அழுத்த முடியாது. ஒரு குவளை உள்ளே புகுந்தாலும் போதும், பிஸ்டன் மேலேற வழியின்றி அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். ஸ்நோர்க்கல் இதைத் தடுக்கும், இணைப்புகளில் கசிவு இல்லாவிட்டால். அழகுக்காக விற்கும் மலிவுக் குழாய்களை நம்பாதீர்கள். எஞ்சின் ஓடும்போது குழாயின் வாயைப் பலகையால் மூடிப் பாருங்கள். திணறி அணைந்தால் நல்லது. ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஆனால் எவ்வளவு ஆழத்திற்கு இது தேவை? ரேஞ்சர், டி-மெக்ஸ் புதிய வண்டிகள் 80 சென்டிமீட்டர், ஹைலக்ஸ் 70 சென்டிமீட்டர் வரை தண்ணீரில் போகலாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள், ஸ்நோர்க்கல் இல்லாமலேயே. அதற்கு மேல் வேறோர் ஆபத்து காத்திருக்கிறது. வண்டியின் உட்கூடு சுமார் 5 சதுர மீட்டர் பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்திற்கு மேல் தண்ணீர் ஏறும் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 500 கிலோ எடை தூக்கப்படும். 30 சென்டிமீட்டர் ஏறினால் ஒன்றரை டன்! இரண்டு டன் வண்டியின் டயர்களுக்குப் பிடிப்பு எங்கே மிஞ்சும்? ஓடும் வெள்ளம் 60 சென்டிமீட்டர் இருந்தாலே பிக்-அப்பையும் அடித்துச் செல்லக்கூடும். 2006 டிசம்பரில் மலாக்காவையும் ஜொகூரையும் மூழ்கடித்ததைப் போன்ற வெள்ளத்தில் எஞ்சின் மூச்சு விடுவதால் மட்டும் உயிர் தப்பாது.

வேகமாகப் போனால் குழாய் காற்றை அழுத்தித் தள்ளி எஞ்சினுக்குச் சக்தி கூட்டும் என்பாரும் உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில்கூட அந்த அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தில் அரை விழுக்காட்டை எட்டாது. டர்போ செய்யும் வேலைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

உண்மையான லாபம் தூசியில்தான். வறண்ட நாளில் பழம் ஏற்றிய லோரிக்குப் பின்னால் செம்மண் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும். புழுதி கீழேதான் அடர்த்தி. கூரை உயரத்தில் குறைவு. காற்று வடிகட்டி கூடுதல் நாள் தாங்கும். தினமும் தோட்டத்துக்குள் ஓடும் வண்டிக்கு வாங்கலாம். பட்டணத்து வண்டிக்கு வீண் செலவு, பக்கத் தகட்டிலும் ஓட்டை.

ஆழமான ஓடையைக் கடக்கிறவர்கள் முதலில் அச்சின் மூச்சுக் குழாயை உயர்த்துங்கள். சூடான அச்சு தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி நீரை இழுக்கும். கடந்து வந்தபின் அச்சு எண்ணெய் பால் நிறமாகியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.