குழுவாகப் படிக்க உதவும் விக்கி

பள்ளியில் நம் பிள்ளைகளுக்குக் குழு ஒப்படைப்பு கொடுக்கிறார்கள். ஐந்து பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையைப் பல நேரங்களில் ஒரே பிள்ளை கண்விழித்து எழுதி முடிக்கிறது. மதிப்பெண் ஐவருக்கும் கிடைக்கிறது. எழுதிய பிள்ளைக்கு மனவருத்தம். எழுதாத நால்வருக்கோ பாடமே தெரியாமல் போகும் நஷ்டம். இந்தக் குறையைப் போக்க உதவும் ஒரு வழி விக்கி.

விக்கி என்றால் என்ன?

பலர் சேர்ந்து எழுதவும் திருத்தவும் இடம் தரும் இணையப் பக்கமே விக்கி. 1995-இல் அமெரிக்கக் கணினி வல்லுநர் வார்ட் கன்னிங்காம் இதை முதலில் உருவாக்கினார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. 2001-இல் விக்கிப்பீடியாவும், 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கின. கேரளத்தில் பள்ளிகளுக்கென்றே 'ஸ்கூல்விக்கி' என்ற தளம் 2009 முதல் மலையாளத்தில் நடக்கிறது.

இதில் என்ன நன்மை?

விக்கியில் 'தொகு' என்பதை அழுத்தி எழுதலாம். 'வரலாறு' பகுதியில் யார், எந்த நாளில், எந்த வரியைச் சேர்த்தார் அல்லது நீக்கினார் என்பது பதிவாகும். தவறாக அழித்துவிட்டாலும் பழையதை மீட்கலாம். கருத்து வேறுபாடு வந்தால் 'உரையாடல்' பக்கத்தில் பேசி முடிவு செய்யலாம். உழைத்தவர் யார் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். மாலையில் தோழி வீட்டுக்குச் சென்று படிக்க முடியாத பெண் பிள்ளைகளும் தம் வீட்டிலிருந்தே, கிடைத்த நேரத்தில் பங்கேற்கலாம்.

எப்படித் தொடங்குவது?

'எங்கள் ஊர்க் குளம்' என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நீர் வரும் வாய்க்கால்களைப் பற்றி எழுதட்டும். ஒருவர் பெரியவர்களிடம் கேட்டுப் பழைய செய்திகளைச் சேர்க்கட்டும். ஒருவர் பறவைகள், மீன்கள் பற்றியும், ஒருவர் குளத்தின் இன்றைய நிலை பற்றியும் எழுதட்டும். ஐந்தாமவர் படம் வரைந்து விளக்கம் தரட்டும். அடுத்த வாரம் ஒவ்வொருவரும் மற்றவர் பகுதியைப் படித்துத் திருத்த வேண்டும். உண்மையான படிப்பு இந்த இரண்டாவது வாரத்தில்தான் நடக்கிறது.

கவனிக்க வேண்டியவை

• பிற இடங்களிலிருந்து அப்படியே நகல் எடுக்கக் கூடாது. படித்ததைச் சொந்த நடையில் எழுதி, எங்கே கிடைத்தது என்றும் குறிப்பிட வேண்டும்.
• காரணம் சொல்லாமல் அடுத்தவர் எழுதியதை அழிக்கக் கூடாது.
• தொலைபேசி எண், வீட்டு முகவரி, புகைப்படம் எதையும் பொதுப் பக்கத்தில் போடக் கூடாது.
• விக்கிப்பீடியாவில் பழக விரும்புவோர் முதலில் 'மணல்தொட்டி' என்னும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

இணையம் இல்லையென்றால்?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இடப்பக்கத்தில் பாடம், வலப்பக்கத்தில் கேள்வியும் திருத்தமும். எழுதுபவர் ஒவ்வொரு முறையும் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் போட வேண்டும். நோட்டு நாளுக்கொரு வீடாகச் சுற்றி வரட்டும்.

பெற்றோர்களே! ஒப்படைப்பு முடிந்ததும் எத்தனை மதிப்பெண் என்று கேட்கும் முன், "நீ எழுதியது எது? யார் எழுதியதைத் திருத்தினாய்? ஏன்?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் சொல்லும் பிள்ளை பாடத்தைப் படித்திருக்கிறது என்று நம்பலாம்.